எஸ்மி விற்ற தீவு

திரைச்சீலைகளை இழுத்து மூடியது நான்தான். சனிக்கிழமை பின்னேரம். அலுவலகத்தின் பின்னறையில் கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தோம். புரொஜெக்டரின் சூட்டில் தூசி கருகும் மணமும், மேசையில் வெட்டிவைத்த சீஸின் மணமும் சேர்ந்து அறை புழுங்கியது. வெளியே சிட்னியின் குளிர்காலம்.

வந்திருந்தவர்கள் எங்கள் பயண நிறுவனத்தின் மூலம் கரிபியன் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவுக்குப் போய்த் திரும்பியவர்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள். அவரவர் எடுத்த படங்களைக் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து பார்க்கிற கூட்டம் அது. அவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவள் எஸ்மி. அந்தத் தீவில் பிறந்தவள். அலுவலகத்தில் என் பக்கத்து மேசை அவளுடையது. அன்று ஸ்லைட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

நீலக் கடல் வந்தது. பழத்துண்டு செருகிய கிளாஸ்கள் வந்தன. ஒரு கழுதை வந்தது, எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு கிழவர் வந்தார். வாதுமை மரத்தின் கீழே, ஓலைத் தொப்பியும் சிவப்புச் சட்டையுமாக, மடியில் மீன்வலையைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்.

“சிரிக்கும் ஜோ,” என்றார் யாரோ. “நான் எடுத்த படத்திலும் இருக்கிறார்.” “எங்களிடமும் இருக்கிறார்,” என்று இன்னொரு குரல்.

அடுத்த ஸ்லைட் வரவில்லை. எஸ்மியின் கை புரொஜெக்டரின் மேல் அப்படியே இருந்தது.

வரைபடத்தில் ஒரு புள்ளி

சென்ற வாரம் இந்தப் பத்தியில், சிட்னியில் எங்கள் ஹோம்புஷ் வீட்டையும், கம்பளிக்குள்ளும் நடுங்கிய முதல் குளிர்காலத்தையும் பற்றி எழுதியிருந்தேன். அந்த வீட்டு வாடகைக்காகத்தான் நான் வேலை தேடிப் போனேன். யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலை ஒன்றில் பூமிசாஸ்திரம் படிப்பித்தவள் நான். இங்கே என் ஆசிரியச் சான்றிதழை ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு முன் பொழுதுபோகாமல் பழகிய தட்டச்சுத்தான் கை கொடுத்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. நகரத்துக்குள், ரயில் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு மாடிப்படியின் கீழே இருந்தது அந்தச் சின்னப் பயண நிறுவனம். மனேஜர் கொலின் நல்ல மனுஷன். என் பெயரைச் சரியாகச் சொல்ல ஒரு கிழமை பாடுபட்டுவிட்டு, பிறகு ‘மிஸஸ் எஸ்’ என்று வைத்துக்கொண்டார்.

எஸ்மி பிறந்த தீவின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்; அவளுடைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். என் பாடசாலை வரைபடத்தில் அது ஒரு புள்ளி. மேற்கிந்தியத் தீவுகளின் ஏற்றுமதி என்ன என்று கேட்டால் என் வகுப்புப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள்: சீனி, அரோரூட் கிழங்கு மா, வாழைப்பழம்.

இதை நான் எஸ்மிக்குச் சொன்னபோது அவள் வாய்க்குள் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டே சிரித்தாள்.

“எல்லாம் சரி. ஆனா அதில ஒண்டும் எங்கட இல்லை.”

எஸ்மியும் நானும் பேசியது ஆங்கிலத்தில். அவளுடைய ஆங்கிலம் அலை மாதிரி ஏறி இறங்கும். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு என் காதுக்குள் அவள் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறாள். அப்படியே எழுதிவிடுகிறேன்.

சீனி, மா, வாழைப்பழம்

அவளுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். உயரமான, கறுத்த பெண். இளம் வயதில் கப்பலேறி லண்டனுக்குப் போய் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை செய்தவள். அங்கே ஓர் ஆஸ்திரேலியனைக் கல்யாணம் கட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்தாள். அவன் ஒருநாள் மேற்கே சுரங்க வேலைக்கென்று போனான், திரும்பவில்லை. அதைப் பற்றி அவள் அதற்கு மேல் பேசமாட்டாள். தீவைப் பற்றி மட்டும் எவ்வளவு நேரமும் பேசுவாள்.

மத்தியான இடைவேளையில் பூங்கா வாங்கில் உட்கார்ந்து நான் கேட்ட சரித்திரம் இது. அந்தத் தீவில் முதலில் இருந்தவர்களை ஆங்கிலேயர் கப்பலில் ஏற்றி வேறெங்கோ கொண்டுபோய் இறக்கினார்கள். வெறுமையான சரிவுகளில் கரும்பு நட்டார்கள். கரும்புக்கென்று ஆபிரிக்காவிலிருந்து சனங்களைப் பிடித்து வந்தார்கள். எஸ்மியின் முன்னோர் அவர்கள்தான். அடிமை முறை ஒழிந்தபோது நட்டஈடு முதலாளிமாருக்குக் கிடைத்தது. விடுதலையானவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் கூலி கூட்டிக் கேட்டபோது, சென்னையிலிருந்து கப்பல் கப்பலாக வேறு ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

“எங்கட மலையில மெட்ராஸ் எண்டு ஒரு இடம் இருக்கு,” என்றாள் எஸ்மி. “இப்ப அங்கை ஒரு இந்தியனும் இல்லை. ஒரு மாமரம் நிக்குது. அவ்வளவுதான்.”

அந்த ஆட்களைப் பற்றி நான் படிப்பித்த புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்கவில்லை.

சீனி விலை விழுந்ததும் அரோரூட் கிழங்கு வந்தது. பிறகு வாழை. கிழமைக்கு ஒரு கப்பல் வரும். அன்றைக்குப் பெண்கள் குலைகளைத் தலையில் சுமந்துகொண்டு துறைமுகத்துக்கு ஓடுவார்கள். எஸ்மியின் தாய் அப்படிச் சுமந்தவர். கழுத்து நோவோடுதான் செத்துப்போனார். விலையைக் கப்பல்காரன் சொல்வான். புயல் வந்தால் ஒரே இரவில் தோட்டம் முழுக்கப் படுத்துவிடும்.

தகப்பன் நத்தானியேல் மீன்பிடிகாரர். அவர்களுடைய வீடு கடற்கரை மணலில், கல்லறைகளும் வேதக்கோயிலும் உள்ள ஒரு சின்னக் குடியிருப்பில் இருந்தது. மணலில் கரும்பு வராது. அதனால் தோட்டத்து முதலாளி அந்தக் கீற்று நிலத்தில் விடுதலையான சனங்கள் குடிசை போடுவதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தார்கள். காணி உறுதி என்று எவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

“சீனி போயிட்டுது, மா போயிட்டுது, வாழை காத்தோட போகும்,” என்று ஒருநாள் சொன்னாள். “இனி விக்கிறதுக்கு எங்களிட்டைக் கடல்தான் மிச்சம்.”

இதை அவள் கவலையோடு சொல்லவில்லை. அப்போது அவள் நம்பிக்கையோடு இருந்தாள்.

ஊரை விற்கும் வேலை

எஸ்மி எந்தத் தீவைச் சேர்ந்தவள் என்பது தெரிந்த நாளில் கொலின் அவளுடைய மேசையின் விளிம்பில் வந்து உட்கார்ந்துவிட்டார். அங்கே புதிதாக ஒரு பெரிய ஹோட்டல் திறந்திருக்கிறது, சிட்னியிலிருந்து ஆட்களை அனுப்பப் பார்க்கிறோம், நீயே எழுதித் தா, நீயே கூட்டிப்போ என்றார்.

அவள் எழுதினாள். நான் தட்டச்சில் அடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த விளம்பரப் புத்தகத்தை வாசித்தால் எனக்கே போக ஆசை வந்தது. விடியற்காலையில் மலையிலிருந்து இறங்கும் காற்றுக்கு ஜாதிக்காய் மணம் இருக்கும் என்று எழுதியிருந்தாள். மற்ற விளம்பரங்களில் அப்படி ஒரு வசனத்தை நான் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்புகளுக்குப் போய்ப் பேசினாள். சனங்கள் அவளுடைய பேச்சுக்காகவே பயணத்துக்குப் பதிந்தார்கள்.

“ஹோட்டலுக்கு மீன் வேணும்,” என்பாள் என்னிடம். “அப்பா பிடிக்கிற மீனை ஆள் அனுப்பி வீட்டு வாசலிலயே வாங்குவினம். இனி அவர் சந்தைக்கு நடக்கத் தேவையில்லை.”

ஹோட்டல் தீவின் மற்றப் பக்கத்தில் என்று அவள் நினைத்திருந்தாள். தகப்பனுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. லண்டனில் இருந்த மச்சாள் ஒருத்தி மூலமாகத்தான் ஊர்ப் புதினம் எப்போதாவது வரும். இருபது வருடங்களுக்கு மேல் அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

புறப்படும் கிழமை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில் தகப்பனுக்கென்று நைலோன் தூண்டில் நூல் வாங்கினாள். நானும் கூடப் போனேன். கடைக்காரன் எடுத்துப் போட்ட ஒவ்வொரு நூலையும் இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

“குட் மோர்னிங், மேடம்”

இனி நான் எழுதுவது அவள் திரும்பி வந்து சொன்னது. ஒரே தரத்தில் சொல்லவில்லை. பூங்காவில் கொஞ்சம், ரயில் மேடையில் கொஞ்சம் என்று பல நாட்களாகச் சொன்னாள்.

விமானம் மாறி மாறிப் போய், கடைசியில் ஒரு சின்ன விமானத்தில் இறங்கினார்கள். ஹோட்டலின் பஸ் வந்து ஏற்றியது. கோயிலைத் தாண்டிப் பஸ் வலது பக்கம் திரும்பியது. அது அவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த பாதை.

குடியிருப்பு இல்லை. அந்த இடத்தில் நீச்சல் தடாகம் இருந்தது. கடலுக்குள் நின்ற ஒரு கறுத்த பாறையை வைத்துத்தான் தன் வீடு இருந்த இடத்தை அவளால் மட்டுக்கட்ட முடிந்தது. தோட்டத்து முதலாளி முழுக் காணியையும் ஹோட்டல்காரருக்கு விற்றுவிட்டார் என்று பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. மணலில் இருந்த சனங்களுக்கு மலைக்குப் பின்னால் சீமெந்து அறைகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கரையில் இருந்த கல்லறைகளைச் சுற்றி வெள்ளைச் சுவர் எழுப்பிச் செவ்வரத்தை நட்டிருந்தார்கள். விருந்தாளிகள் பார்த்தால் மனம் சங்கடப்படும் என்று.

அவளுடன் வந்தவர்கள் அறைகளுக்குப் போய் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் எங்கே என்று கேட்க அவளுக்கு ஆளில்லை. இராச்சாப்பாட்டுக்கு மீன் வந்தது. மயாமியிலிருந்து ஐஸில் வந்த மீன் என்று பரிமாறிய பெண் பெருமையாகச் சொன்னாள்.

அடுத்த நாள் காலை எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். வாதுமை மரத்தின் கீழே ஒரு கிழவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் கமராக்களை எடுத்தார்கள். கிழவர் தலையை நிமிர்த்திச் சிரித்தார். அப்போதுதான் எஸ்மி அவருடைய முகத்தைக் கண்டாள்.

“நான் ஒரு அடி முன்னுக்கு வைச்சனான்,” என்றாள் என்னிடம். “அவர் கண்ணாலயே வேண்டாம் எண்டார். பிறகு தொப்பியைக் கழட்டி, ‘குட் மோர்னிங், மேடம்’ எண்டு சொன்னார். எனக்கு. என்ர அப்பா.”

“நீ என்ன சொன்னனீ?”

“நானும் குட் மோர்னிங் எண்டனான்.”

அன்று மாலை மலைக்குப் பின்னால் அவருடைய அறையைத் தேடிப் போனாள். அங்கேதான் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஹோட்டலில் வேலை செய்பவர்கள் விருந்தாளிகளோடு சொந்தம் கொண்டாடுவது மேற்பார்வையாளருக்குப் பிடிக்காதாம். நீ என் மகள் என்று தெரிந்தால் நாளைக்கு அந்த மரத்தின் கீழே வேறொரு கிழவனை வைத்துவிடுவார்கள் என்றார் தகப்பன்.

அவருடைய வேலை இதுதான்: ஹோட்டல் கொடுத்த ஓலைத் தொப்பியும் சிவப்புச் சட்டையுமாக மரத்தடியில் இருந்து வலை தைக்க வேண்டும். ஜோ என்ற பெயரைக் கொடுத்ததும் அவர்கள்தான். அந்த வலை கடலுக்குப் போவதில்லை. தைத்து முடிந்துவிட்டால் மறுநாள் செய்ய ஒன்றும் இராது. ஆகவே பின்னேரங்களில் அவரே கத்தியை எடுத்து அதைக் கிழித்து வைப்பார். அவருடைய வள்ளம் அறைக்குப் பின்னால் கிடந்தது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டிருந்தன.

“ஏன் அப்பா அங்கை போய் இருக்கிறியள்? நான் காசு அனுப்புறன். இதை விடுங்கோ,” என்று எஸ்மி மன்றாடினாள்.

“காசுக்கு இல்லைப் பிள்ளை,” என்றாராம் நத்தானியேல். “இஞ்சையிருந்து கடல் தெரியாது.”

கடலும் ஈர மணலும் எல்லோருக்கும் பொது என்றுதான் அந்தத் தீவில் சட்டம். ஆனால் அதற்குப் போகிற வழி ஹோட்டலின் காணி. வாசலில் காவல்காரன் நிற்கிறான். சிவப்புச் சட்டை போட்டிருந்தால் உள்ளே விடுவான்.

தூண்டில் நூலை அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் அவிழ்த்து இழுத்துப் பார்த்தார். மணந்தும் பார்த்தார். “நல்ல நூல்,” என்று சொல்லிவிட்டு, சுவர்த் தட்டில் துணிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மீதி நாட்களெல்லாம் அவள் ஒவ்வொரு காலையும் ஆட்களை அந்த மரத்தைத் தாண்டிக் கூட்டிப்போனாள். ஒவ்வொரு காலையும் குட் மோர்னிங் சொன்னாள்.

பின்னறையில்

திரைச்சீலை மூடிய அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஸ்லைட் நகராததைக் கண்டு யாரோ “மெஷின் சிக்கிவிட்டதா?” என்று கேட்டார். எஸ்மி எழும்பி நின்றாள். புரொஜெக்டரின் ஒளி அவளுடைய தோளில் விழுந்தது. தகப்பனின் தொப்பியில் பாதி அவளுடைய சட்டையில் தெரிந்தது.

“அவருக்குப் பேர் ஜோ இல்லை,” என்றாள். “நத்தானியேல். அவர் என்ர அப்பா.”

முன்வரிசையில் இருந்த மார்ஜரி என்ற அம்மா திரும்பினார். வெள்ளைத் தலை, நல்ல மனசு. பயணம் முழுக்க எஸ்மிக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தவர். அவருடைய கண் கலங்கியிருந்தது.

“முதலே சொல்லியிருக்கக்கூடாதா எஸ்மி? அவர் கையில் கூடுதலாக இன்னும் கொஞ்சம் காசு வைத்திருப்போமே.”

அவர் அதை மனதாரச் சொன்னார். கோபப்படுவதற்கு அந்த அறையில் ஒரு கெட்டவர்கூட இல்லை.

கொலின் போய்த் திரைச்சீலையை விலக்கினார். வெயில் விழுந்ததும் சுவரில் கிழவர் வெளிறி மறைந்தார். எல்லோரும் தேநீர் குடித்தார்கள். போகும்போது ஒவ்வொருவரும் எஸ்மியின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சாப்பிட்ட கையைக் கழுவாமல் அப்படியே இருந்துவிட்டார். அவர் எஞ்சினியர், மற்றவர் கீறிய வரைபடத்தைப் பார்த்துத் திருப்பிக் கீறுகிற வேலைதான் அவருக்கு இங்கே கிடைத்திருந்தது.

“பெத்த தகப்பனை ஆரெண்டு சொல்லேலாமல் நிண்டிருக்கிறாள்,” என்றார். “அந்த மனுஷன் பாவம். இவள் அதைவிடப் பாவம்.”

திங்கட்கிழமை கொலின் வந்தார். அடுத்த விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் அந்தப் படத்தைப் போடலாமா, வழிகாட்டியின் சொந்தத் தகப்பன் என்றே எழுதலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். எஸ்மி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதிக்குப் போனாள்.

எஸ்மியின் கதிரை காலியான பிறகு கொலின் என் மேசை விளிம்பில் வந்து உட்கார்ந்தார். இலங்கையின் கிழக்கே பாசிக்குடாக் கடற்கரையின் படங்கள் இரண்டு மூன்று கையில் வைத்திருந்தார். இலங்கையில் புதிய ஹோட்டல்கள் வருகின்றன, நீங்கள் அந்த ஊர்தானே மிஸஸ் எஸ், எழுதித் தருவீர்களா என்றார். நான் அந்தக் கரைக்குப் போனதே இல்லை என்றேன். அது உண்மைதான். படங்களை வாங்கிப் பார்த்தேன். மணல் மட்டும்தான் இருந்தது. ஆட்கள் ஒருவரும் இல்லை. அவர்களை எங்கே விட்டிருப்பார்கள் என்ற யோசனை அன்று முழுக்கப் போகவில்லை.

பூட்டிய வாசல்

எண்ணெய் விலை ஏறி விமானக் கட்டணமும் ஏறிய காலம் அது. தூரத்துத் தீவுகளுக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். இரண்டு மூன்று வருடங்களில் அந்த ஹோட்டலை மூடிவிட்டார்கள்.

எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. எஸ்மியைத் தேடிப்போய்ச் சொன்னேன். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், நீராவியும் சவர்க்கார மணமும் வீசும் கதவருகில் நின்று கேட்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. லண்டன் மச்சாள் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள்.

“அப்ப அப்பாவுக்கு இனிக் கரைக்குப் போகலாம்தானே?” என்றேன்.

“இல்லை. காணி இப்ப கடன் குடுத்த பாங்கிட்டை. வாசலைப் பூட்டி நாயை விட்டிருக்கினம். சிவப்புச் சட்டை போட்டாலும் விடாயினம்.”

நத்தானியேல் ஒவ்வொரு காலையும் மலையைச் சுற்றி நடந்து அந்த வாசலுக்கு வருவாராம். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். நீச்சல் தடாகத்தில் பாசி பிடித்துவிட்டது. அதற்கு அப்பால் கடல். பிறகு வந்த வழியே திரும்பிப் போவார். தூரத்திலிருந்த மகளுக்குச் சொல்ல மச்சாளிடம் இவ்வளவுதான் இருந்தது.

சிட்னிக்கு வரச் சொல்லி எஸ்மி மச்சாள் மூலம் பல தரம் கேட்டாள். அவர் வரவில்லை. அந்த வருட மழைக் காலத்தில், அந்தச் சீமெந்து அறையில், காய்ச்சலில் செத்துப்போனார். செய்தி வருவதற்குள் புதைத்துவிட்டார்கள். கரையில் இருந்த கல்லறைக்குள், மனைவிக்குப் பக்கத்தில் வைக்க வாசலைத் திறக்கச் சொல்லி ஊர்ச் சனங்கள் கேட்டார்கள். பூட்டுத் திறப்பு தலைநகரத்தில் இருக்கிறது என்று காவல்காரன் சொன்னானாம். மலையில் புதைத்தார்கள்.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுத்தவளை வற்புறுத்தி எங்களோடு கூஜி கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். சிட்னியில் இருந்த இத்தனை வருடத்தில் அவள் ஒரு தரமாவது கடலில் கால் வைத்ததை நான் கண்டதில்லை. என் பிள்ளைகள் இறங்கிய உடனேயே தண்ணீருக்குள் ஓடினார்கள். கரை நிறையச் சனம். மணலே தெரியாத அளவுக்குத் துவாய்கள்.

எஸ்மி பாதையோரச் சீமெந்துக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் தேநீர்ப் போத்தலைத் திறந்து ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தாள்.

“இறங்குவமே எஸ்மி,” என்றேன். “கால் நனைச்சிட்டு வருவம். இஞ்சை உன்னை ஒருத்தரும் மறிக்கமாட்டினம்.”

“தெரியும்,” என்றாள். “அதுதான் போக ஏலாமல் கிடக்கு.”